எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பது பாதி உண்மை

2017ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில், வயலுக்கு அடியில் செல்லும் ஓஎன்ஜிசி குழாய் ஒன்றில் கசிவு ஏற்பட்டுக் கச்சா எண்ணெய் வெளியேறியது. ஊர் மக்கள் திரண்டதும், மாவட்ட ஆட்சியர் நேரில் வர வேண்டும் என்று கோரியதும், காவல் துறையின் தடியடியும், பேராசிரியர் த.செயராமன் உள்ளிட்டோர் கைதானதும், பிறகு மாதக்கணக்கில் நீண்ட போராட்டமும் நாம் அறிந்த செய்திகள். அந்த நாள்களில் தஞ்சையில் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: “எண்ணெய்தான் தண்ணீரோடு ஒட்டாதே! மேலே மிதப்பதை வழித்து எடுத்துவிட்டால் முடிந்துபோகாதா?”

அவர் நன்கு படித்தவர்; சொந்தமாக நிலம் வைத்திருப்பவர். வேதியியல் கற்பித்தவன் என்பதால் என்னிடம் கேட்டார். “அவ்வளவு எளிதன்று” என்று மட்டும் அன்று சொன்னேன். ஏன் எளிதன்று என்பதை விளக்க அப்போது நேரம் வாய்க்கவில்லை. அதை இங்கே சொல்லிவிட விரும்புகிறேன். ஏனெனில், இந்தக் கேள்வி கதிராமங்கலத்தோடு முடிந்துவிடவில்லை. எண்ணெய்க் கிணறுகளும் குழாய்களும் டெல்டாவில் இன்னும் இருக்கின்றன. குடிநீரையும் நாம் அதே மண்ணிலிருந்துதான் எடுக்கிறோம்.

கும்மி வளையம்

எண்ணெயை நீர் வெறுத்து ஒதுக்குகிறது என்று பலரும் எண்ணுகிறோம். உண்மையில் அங்கே வெறுப்பு எதுவும் இல்லை. நீர் மூலக்கூறுகளுக்குத் தமக்குள் இருக்கும் பிணைப்பு மிக வலிமையானது, அவ்வளவுதான். ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் முனை, அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் முனையைப் பற்றிக்கொள்கிறது. கைகோத்து நிற்கும் வளையத்துக்குள், கை நீட்டத் தெரியாத ஒருவர் நுழைந்தால் என்ன ஆகும்? யாரும் அவரை விரட்ட மாட்டார்கள். ஆனால், அவரைச் சுற்றி நிற்போர் தங்கள் கைகளை விடாமல் இருப்பதற்காக வளைந்து நெளிந்து நிற்க வேண்டியிருக்கும். அது நீருக்குக் கட்டுப்படியாகாத ஒழுங்கு. எனவே, அப்படிப்பட்டவர்கள் எல்லாம் ஓரிடத்தில் ஒதுங்கிச் சேர்ந்துகொள்ளும்போது வளையம் பழையபடி இயல்பாகிறது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன்கள் நீரிலிருந்து பிரிந்து நிற்பது இப்படித்தான். பெரும்பாலானவை நீரைவிட எடை குறைந்தவை என்பதால் மேலே மிதக்கின்றன.

ஆனால், ‘ஒட்டாது’ என்பது கண் சொல்லும் தீர்ப்பு. அளந்து பார்த்தால் கதை மாறுகிறது. ஆலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ஹெக்சேன், சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 10 மில்லிகிராம் கரைகிறது. கச்சா எண்ணெயிலும் பெட்ரோலிலும் இருக்கும் பென்சீன், ஒரு லிட்டர் நீரில் சுமார் 1.8 கிராம் கரைகிறது; அதாவது ஹெக்சேனைப் போல ஏறத்தாழ 180 மடங்கு. இரண்டும் ஆறு கார்பன் அணுக்கள் கொண்டவை, இரண்டும் நிறமற்றவை. ஹெக்சேன் நீண்ட சங்கிலி, பென்சீன் வளையம். அந்த வளையத்தின் எலெக்ட்ரான்கள் நீரை ஓரளவு ஈர்க்கின்றன. ‘எண்ணெய்’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் கலவைக்குள் இவ்வளவு வேறுபாடு இருக்கிறது. மிதக்கும் படலத்தை வழித்தெடுத்த பிறகும், தெளிந்து தோன்றும் நீருக்குள் பென்சீன் இருக்கக்கூடும். அதைக் கண்ணால் காண முடியாது.

தவிட்டு எண்ணெய் ஆலை சொல்லும் பாடம்

நீரையும் ஹைட்ரோகார்பனையும் பிரிப்பது எப்படி என்பதை அன்றாடத் தொழிலாகவே செய்யும் இடம் ஒன்று உண்டு. அது நெல் விளையும் ஊர்களோடு நெருங்கிய தொடர்புடைய தவிட்டு எண்ணெய் ஆலை.

எள்ளையும் நிலக்கடலையையும் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்துவிடலாம். தவிடு பொடியாக இருப்பது. அதில் எண்ணெயும் குறைவு. பிழிந்தால் பெரும்பகுதி தவிட்டிலேயே தங்கிவிடும். தவிட்டுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அரிசி தீட்டப்பட்ட உடனேயே, தவிட்டிலுள்ள லைப்பேஸ் என்னும் நொதி எண்ணெயைச் சிதைத்துக் காறலாக்கத் தொடங்கிவிடும். இங்கே நம் வட்டாரத்துப் பழக்கம் கைகொடுக்கிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. பச்சரிசித் தவிட்டில் 12 முதல் 18 விழுக்காடு எண்ணெய் இருக்கும் என்றால், புழுங்கலரிசித் தவிட்டில் 20 முதல் 25 விழுக்காடு வரை இருக்கும். நெல்லை அவிப்பதையும் உலர்த்துவதையும் தவிட்டையும் ஆராய்வதற்கென்றே 1967இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. பல பெயர் மாற்றங்களுக்குப் பிறகு, தஞ்சாவூரில் இன்று ‘நிஃப்டெம்’ என்னும் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனமாக இயங்குவது அதுதான்.

ஆலையில் தவிட்டின் மீது ஹெக்சேனைப் பொழிகிறார்கள். எண்ணெய் அதில் கரைந்து இறங்குகிறது. பிறகு, கரைசலைச் சூடாக்கி ஹெக்சேனை ஆவியாக்கினால் எண்ணெய் எஞ்சும். ஆனால், கடைசியாக ஒட்டியிருக்கும் ஹெக்சேன் எளிதில் வெளியேறாது. எண்ணெய் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் நீக்கிய தவிட்டுக்குள்ளும் ஹெக்சேன் தங்கியிருக்கும். அதை வெளியேற்ற நீராவியைச் செலுத்துகிறார்கள். இங்கேதான் ஒட்டாமையின் அழகான பயன் ஒன்று வெளிப்படுகிறது.

ஹெக்சேனின் கொதிநிலை 69 டிகிரி. நீரின் கொதிநிலை 100 டிகிரி. இரண்டும் சேர்ந்திருந்தால் இடைப்பட்ட ஒரு வெப்பநிலையில் கொதிக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால், இரண்டும் சேர்ந்து சுமார் 61.6 டிகிரியிலேயே கொதித்துவிடுகின்றன. காற்றின் அழுத்தத்தை ஒரு மூடியாகக் கொள்வோம். அதைத் தள்ளித் திறந்தால்தான் திரவம் கொதிக்கும். ஒன்றோடொன்று கரையாத இரு திரவங்கள் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. ஒவ்வொன்றும் தனித்து இருப்பதைப் போலவே முழு வலுவோடு மூடியைத் தள்ளுகின்றன. 61.6 டிகிரியில் ஹெக்சேன் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அழுத்தத்தையும், நீர் எஞ்சிய ஒரு பங்கையும் தருகின்றன. கூட்டினால் கணக்குச் சரியாகிறது, மூடி திறக்கிறது. தனியாக நின்றால் வெளியேற மறுக்கும் கரைப்பானை நீராவி கூட அழைத்துச் சென்றுவிடுகிறது. வெட்டிவேரிலிருந்தும் எலுமிச்சைப் புல்லிலிருந்தும் மணத்தைல எண்ணெய் வடிப்பதிலும் இதே கணக்குதான்.

வெளியேறிய ஆவியைக் குளிரவைத்தால் ஹெக்சேனும் நீரும் கலந்த திரவம் கிடைக்கும். அதை உயரமான ஒரு பிரிகலனில் அசையாமல் நிற்க விடுகிறார்கள். ஹெக்சேன் மேலே, நீர் கீழே. மேலிருப்பது மறுபடியும் தவிட்டுக்குப் போகிறது. கீழிருக்கும் நீரை அப்படியே வடிகாலில் விடுவது நல்ல ஆலையின் வழக்கமன்று. அதை மீண்டும் சூடாக்கி, கரைந்திருக்கும் ஹெக்சேனையும் மிதந்து வரும் நுண்துளிகளையும் விரட்டிய பிறகே வெளியேற்ற வேண்டும். ஹெக்சேன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கனமானது. வடிகாலில் தேங்கி, காற்றில் 1.1 விழுக்காட்டை எட்டினாலே தீப்பற்றக்கூடியது. உணவு எண்ணெயிலும் ஹெக்சேன் 10 லட்சத்தில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி.

மூடிய கலன், அசையாத நிலை, போதிய நேரம், வெப்பம் ஆகிய நான்கும் கைவசம் இருக்கும் ஆலைகூட, ‘மேலே மிதப்பதை எடுத்தாயிற்று’ என்று நிறுத்திக்கொள்வதில்லை என்பது இங்கே கவனத்துக்குரியது.

தெளிப்பான் தொட்டியில் பால் நிறம்

மிதப்பது என்பதுகூட எப்போதும் நடக்கும் என்று சொல்ல முடியாது. இதை டெல்டா விவசாயிகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். பூச்சிக்கொல்லிப் புட்டியில் மருந்தின் பெயருக்கு அடுத்து ‘இசி’ என்ற எழுத்துகள் இருந்தால், அந்த மருந்து ஒரு கரைப்பானில் கரைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது சைலீன் போன்ற ஹைட்ரோகார்பன்தான். புட்டியில் தெளிவாக இருக்கும் அந்த மருந்தைத் தெளிப்பான் தொட்டியின் நீரில் ஊற்றியதும், நீர் பாலைப் போல வெளுக்கிறது. கரைப்பான் நீரில் கரைந்துவிடவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளிகளாகச் சிதறியிருக்கிறது. மருந்தோடு சேர்க்கப்பட்டிருக்கும் பால்மமாக்கி என்னும் பொருள்தான் இதற்குக் காரணம். அதன் ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் விரும்பும். ஒவ்வொரு துளியையும் அது போர்த்திக்கொண்டு, துளிகள் மறுபடி ஒன்றுசேராமல் காக்கிறது. வேப்பெண்ணெயோடு காதி சோப்புக் கரைசலைக் கலந்து தெளிப்பவர்களும் இதே வேதியியலைத்தான் கையாள்கிறார்கள்.

தெளிப்பானைக் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றினால் அங்கே எண்ணெய்ப் படலம் மிதக்காது. எனவே, கெடுதி ஒன்றுமில்லை என்று தோன்றும். உண்மையில் படலமாக மிதந்திருந்தால் ஓரளவு வெயிலில் ஆவியாகியிருக்கும். பால்மமாகிவிட்டதால் நீரோடு சேர்ந்து நெடுந்தூரம் போகிறது.

கச்சா எண்ணெய்க்குப் பால்மமாக்கியை வெளியிலிருந்து சேர்க்க வேண்டியதில்லை. அதிலுள்ள அஸ்பால்டீன் போன்ற கனமான பொருள்களே அந்த வேலையைச் செய்கின்றன. கிணற்றிலிருந்து எண்ணெய் வரும்போதே பாறைக்குள் இருந்த உவர்நீரும் சேர்ந்தே வருகிறது. அதைப் பிரிக்க வெப்பமும், பால்மத்தை உடைக்கும் வேதிப்பொருள்களும், சில இடங்களில் மின்புலமும் தேவைப்படுகின்றன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது நடந்ததை நினைவுகூரலாம். கரையொதுங்கிய எண்ணெயைத் தன்னார்வலர்களும் மீனவர்களும் வாளி வாளியாக அள்ளிய படங்களை நாடே பார்த்தது. கப்பல்களின் கன எரிஎண்ணெய் அலைகளில் அடிபடும்போது கடல்நீரைத் தனக்குள் உறிஞ்சிக்கொண்டு குழைசேறு போலாகிறது. அதன் கன அளவு பல மடங்கு பெருகிவிடுகிறது. அங்கே நீரில் எண்ணெய் கலக்கவில்லை. எண்ணெயில் நீர் கலந்தது. வழித்தெடுக்கும் வேலை கடினமாகிப்போனதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

வயலில் பிரிகலன் இல்லை

இப்போது கதிராமங்கலத்துக்குத் திரும்புவோம். வயலில் சிந்திய எண்ணெய்க்கு அங்கே கலன் இல்லை, மண்தான் இருக்கிறது. மேற்பரப்பில் தெரிவதை அள்ளிவிடலாம். எளிதில் ஆவியாகும் பகுதி தஞ்சாவூர் வெயிலில் விரைவிலேயே பறந்துவிடும். இவை நல்ல செய்திகள்; இவற்றை மறைக்கக் கூடாது. உள்ளே இறங்கும் எண்ணெயின் நிலைதான் வேறு.

மண்ணின் நுண்துளைகளில் எண்ணெய் துளித்துளியாகச் சிக்கிக்கொள்கிறது. துணியில் ஏறிய எண்ணெய் பிழிந்தாலும் போகாததைப் போன்றது அது. எஞ்சியது நிலத்தடி நீர்மட்டம் வரை இறங்கி, அதன் மேல் மிதக்கிறது. டெல்டாவில் அந்த நீர்மட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேட்டூர் திறந்து ஆற்றில் நீர் வரும்போதும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் உயர்கிறது. கோடையில், குறுவைக்கு ஆழ்துளைக் கிணறுகள் இறைக்கும் நாள்களில் தாழ்கிறது. நீர்மட்டம் இறங்கும்போது எண்ணெயும் இறங்கும். ஏறும்போது ஒரு பகுதி கீழேயே சிக்கிக்கொள்ளும். ஆண்டுதோறும் இப்படி ஏறி இறங்க, மெல்லிய படலமாக இருந்தது தடித்த மண் அடுக்கில் பூசப்பட்டதைப் போல ஆகிவிடுகிறது. அந்த அடுக்கைக் கடந்து செல்லும் நீர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பென்சீனைக் கரைத்துக்கொண்டு போகும்.

‘கொஞ்சம்’ என்பது எவ்வளவு? பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். குடிநீரில் அதன் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு. தூய பென்சீனில் ஊறிய ஒரு லிட்டர் நீர், 1 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் நல்ல நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதுமானது. கச்சா எண்ணெயில் பென்சீன் ஒரு சிறு பகுதிதான். அதனால் கரைவதும் அந்த விகிதத்தில் குறையும். எண்ணெயின் மூலக்கூறுகளில் நூற்றுக்கு ஒன்று பென்சீன் என்று வைத்துக்கொண்டாலும், அதைத் தொட்டு நிற்கும் நீரில் லிட்டருக்கு 18 மில்லிகிராம் வரை கரையலாம். அது வழிகாட்டு மதிப்பைப் போல 1,800 மடங்கு.

மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பென்சீனை உண்டு அழிக்கக்கூடியவைதான். ஆனால், அதற்கு ஆக்சிஜன் இருந்தால்தான் வேகம். நீர் கட்டி நிற்கும் நெல் வயலின் மண்ணில் ஆக்சிஜன் விரைவிலேயே தீர்ந்துபோகும். நாற்று நட நாம் உருவாக்கும் சேறே, தூய்மையாகும் வேலையைத் தாமதப்படுத்துகிறது.

இது அச்சுறுத்தல் அன்று. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பெமிட்ஜி என்னும் ஊரருகே, 1979 ஆகஸ்டு 20 அன்று குழாய் உடைந்து சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் சிந்தியது. பெரும்பகுதியை அப்புறப்படுத்திவிட்டார்கள். எஞ்சியது நிலத்துக்குள் இறங்கியது. 1983 முதல் அந்நாட்டுப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைத் தொடர்ந்து ஆராய்ந்துவருகிறது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் அங்கே எண்ணெய் நிலத்தடி நீரின் மேல் நிற்கிறது. நம் மாநிலத்திலேயே, 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகளில் பெட்ரோலியப் பொருள் கலந்து வந்தது. மண்ணுக்கடியில் சென்ற குழாயின் கசிவு அது. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

எதை அளக்கிறோம்?

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. டெல்டாவில் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆகியவற்றுக்கான புதிய ஆய்வையும் துளையிடலையும் எடுத்தலையும் அது தடைசெய்கிறது. ஏற்கெனவே இயங்கிவரும் பணிகளை அது தொடவில்லை. ஆகவே, புதிய கிணறு வேண்டுமா, வேண்டாமா என்ற விவாதம் ஒருபுறம் இருக்க, இருக்கும் கிணறுகளையும் முதுமையடையும் குழாய்களையும் எப்படிக் கண்காணிப்பது என்ற கேள்வி நம் முன் நிற்கிறது. அதற்கு வேதியியல் சொல்லும் விடை தெளிவானது.

முதலாவதாக, சரியான பொருளை அளக்க வேண்டும். கழிவுநீருக்கான நம் பொது விதிகள் ‘எண்ணெயும் கிரீஸும்’ லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. இதை அளக்கும் வழக்கமான முறை, நீரை ஹெக்சேன் போன்ற ஒரு கரைப்பானோடு குலுக்கி, எண்ணெயை அதில் இழுத்து, பிறகு கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை எடைபோடுவது. பென்சீனின் கொதிநிலை 80 டிகிரி. கரைப்பான் ஆவியாகும்போது அதுவும் உடன் போய்விடும். தராசில் நிற்பது கனமான எண்ணெய் மட்டுமே. இந்த ஆய்வறிக்கை ‘எல்லைக்குள்’ என்று சொன்னால், அது பொய்யன்று. ஆனால், நாம் கேட்ட கேள்விக்கு விடையுமன்று. பென்சீன் போன்றவற்றை அளக்க, நீரைக் காற்றுக் குமிழி இன்றிப் புட்டியில் நிரப்பி மூடி, வாயு நிறப்பகுப்பாய்வுக் கருவியில் சோதிக்க வேண்டும். இதற்கான வசதி நம் நாட்டு ஆய்வகங்களில் இருக்கிறது.

இரண்டாவதாக, குழாய்ப் பாதைகளை ஒட்டிக் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் கோடையிலும் உயர்ந்திருக்கும் மழைக்குப் பிந்தைய காலத்திலும் ஆண்டுக்கு இரு முறையாவது சோதிக்க வேண்டும். கசிவு நேர்ந்த இடங்களில் மேல்மண்ணை அகற்றியதோடு நின்றுவிடாமல், ஆழத்திலும் பல ஆண்டுகளுக்கும் இது தொடர வேண்டும். முடிவுகள் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.

மூன்றாவது நம் கையிலேயே இருக்கிறது. மருந்துப் புட்டியையும் தெளிப்பானையும் கழுவிய நீரை வாய்க்காலில் விடாமல், மீண்டும் தெளிப்பான் தொட்டியிலேயே சேர்த்து அதே வயலில் தெளித்துவிடலாம்.

‘சிறு கசிவுகளுக்கு இவ்வளவு செலவா?’ என்று கேட்கப்படலாம். எல்லாக் கசிவும் கிணற்றை நஞ்சாக்கிவிடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், அளக்காத வரையில் நிறுவனத்தின் ‘பாதிப்பில்லை’ என்ற சொல்லும் ஊராரின் ‘எல்லாம் போயிற்று’ என்ற அச்சமும் ஊகங்களாகவே நிற்கும். கதிராமங்கலத்தில் நாம் கண்ட கொந்தளிப்பில் ஒரு பங்கு, நம்பத்தகுந்த அளவீடு யாரிடமும் இல்லாத வெற்றிடத்திலிருந்து எழுந்தது என்றே நினைக்கிறேன்.

நண்பரின் கேள்விக்கு என் விடை இதுதான். மிதப்பதை வழித்தெடுப்பது முதல் நாள் வேலை. அதை உடனே செய்யத்தான் வேண்டும். அதன் பிறகு தெளிந்து தெரியும் நீரில் என்ன இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். தவிட்டு எண்ணெய் ஆலை தன் பிரிகலனின் அடியிலிருக்கும் நீரை நம்பி அப்படியே வடிகாலில் விடுவதில்லை. நம் குடிநீர்க் கிணறுகளுக்கும் அந்த எச்சரிக்கையை நாம் கடைப்பிடிக்க வேண்டும்.